அவசரமில்லாத கோடுகள்

2025 மார்ச் கடைசி வாரத்தில் சாட்ஜிபிடியில் படம் உருவாக்கும் புதிய வசதி ஒன்று வந்தது. வந்த சில நாட்களிலேயே வாட்ஸ்அப் முகப்புப் படங்கள், கல்யாண போட்டோக்கள், அரசியல் தலைவர்களின் மேடைக் காட்சிகள், பழைய தமிழ்ப் படங்களின் ஸ்டில்கள் எல்லாம் ‘கிப்லி’ பாணிக்கு மாறின. ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி கையால் வரைந்து எடுத்த படம் ஒன்றைக்கூடப் பார்த்திராதவர்களுக்கும் அந்தச் சாயல் உடனே பிடித்துப்போனது. இளம்பச்சைப் புல்வெளி, உருண்டை முகம், வெயில் விழும் ஜன்னல். தங்கள் வீட்டுக் குழந்தையை அந்த உலகத்துக்குள் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டதில் தவறே இல்லை. அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். நான்கு வயதுக் குழந்தையும் நாற்பது வயதுத் தாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருமே விரும்பிப் பார்க்கும்படி அந்தப் படங்களுக்குள் என்ன இருக்கிறது?

வழக்கமான பதில்கள் சில உண்டு. தொலைந்துபோன கிராமத்தின் மீதான ஏக்கம் என்பார்கள். வன்முறை இல்லை என்பார்கள். மெதுவாக நகர்கிறது, கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எதுவும் முழுவதும் விளக்கிவிடவில்லை. ஒரு குழந்தை செருப்பை மாட்டுவதையும், ஒரு பாட்டி ஓடைத் தண்ணீரில் வெள்ளரிக்காயைக் குளிரவைப்பதையும், இரண்டு பேர் பேருந்துக்குக் காத்திருப்பதையும் பார்க்கத் தகுந்த காரியங்களாக மதித்து, அவற்றுக்கு வேண்டிய நேரத்தை முழுதாகக் கொடுக்கிறார்கள். இந்தப் படங்களின் மென்மை அங்கேதான் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன். பயமும் சாவும் நோயும் இவற்றில் தாராளமாக இருக்கின்றன.

குழந்தைகளுக்கான அனிமேஷன் என்றாலே பத்திரமானது என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் முதல் பிழை. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 1937இல் வந்த ‘ஸ்னோ வைட்’ தொடங்கி, அதிக வசூல் செய்த 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டுகளில் வந்த பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியமான பாத்திரம் திரையில் சாகும் வாய்ப்பு குழந்தைகள் படத்தில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. கொலை செய்யப்படும் வாய்ப்பும் அதே அளவுக்கு உயர்ந்திருந்தது. அந்தப் படங்களில் பல கையால் வரைந்தவை. ஆகவே கையால் வரைந்துவிட்டால் மென்மை தானாக வந்துவிடாது. ‘டாம் அண்ட் ஜெர்ரி’யும் கையால் வரைந்ததுதான்.

‘என் பக்கத்து வீட்டு டொட்டோரோ’ 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளியானது. எழுதி இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. பின்னணி ஓவியங்களுக்குப் பொறுப்பேற்றவர் கசுவோ ஓகா, இசை ஜோ ஹிசைஷி. 86 நிமிடப் படம். 1950களின் ஜப்பான். ஆராய்ச்சியாளரான அப்பா, பத்து வயதை ஒட்டிய சட்சுகி, நான்கு வயது மேய் மூவரும் கிராமத்து வீடு ஒன்றுக்குக் குடிவருகிறார்கள். அம்மா பக்கத்து ஆஸ்பத்திரியில் நீண்ட நாளாகப் படுத்திருக்கிறார். காட்டில் டொட்டோரோ என்ற பெரிய ரோமப் பிராணி இருக்கிறது. குழந்தைகளின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. வில்லன் கிடையாது. போட்டி கிடையாது. கதை இவ்வளவுதான் என்று சொன்னால் ஒரு தயாரிப்பாளர் எழுந்து போய்விடுவார்.

அதில் மேய் முதன்முதலாக டொட்டோரோவைக் கண்டுபிடிக்கும் பகுதியைப் பாருங்கள். அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டாள். அப்பா மேஜையில் வேலையாக இருக்கிறார். மேய் தோட்டத்தில் தனியாகத் திரிகிறாள். பூவைப் பறித்து அப்பாவின் மேஜையில் வைக்கிறாள். தேங்கிய நீரில் தலைப்பிரட்டைகளைப் பார்க்கிறாள். அடி ஓட்டையான வாளி ஒன்று கிடைக்கிறது. அதைக் கண்ணில் வைத்து உலகத்தைப் பார்க்கிறாள். அந்த ஓட்டை வழியாகத்தான் புல்லில் பளபளக்கும் ஓக் மரக் கொட்டை ஒன்று தென்படுகிறது. ஒன்றைப் பொறுக்குகிறாள், அடுத்தது தெரிகிறது, அதற்கடுத்தது. பிறகு புல்லுக்குள் இரண்டு காதுகள் நகர்ந்து போகின்றன. அவள் குந்துகிறாள், பின்னால் போகிறாள், வீட்டுக்கடியில் எட்டிப் பார்த்துக் காத்திருக்கிறாள். சின்னக் குழந்தை வளர்த்த எவருக்கும் இந்த நடையும் குந்தலும் தெரியும். எடை முழுவதையும் முன்னால் போட்டு ஓடுவது, பிடிக்கப்போகும் நொடியில் மூச்சைப் பிடித்துக்கொள்வது. கடைசியில் மரப்பொந்துக்குள் உருண்டு விழுந்து, தூங்கும் பிராணியின் வயிற்றின் மேல் ஏறி, அதன் மூக்கைத் தொட்டு, பேர் கேட்டு, அதன் மேலேயே தூங்கிப்போகிறாள். பல நிமிடங்களுக்கு நீளும் இந்தப் பகுதியில் பேச்சு மிகக் குறைவு. குழந்தையின் கவனம் எப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் என்பதுதான் இங்கே கதையின் ஓட்டம்.

குழந்தைகள் இந்தப் பகுதியை மேயாக இருந்து பார்க்கிறார்கள். பெரியவர்கள் பார்ப்பது வேறு. மேஜையில் குனிந்திருக்கும் அப்பா சற்று நேரம் குழந்தையைக் கவனிக்காமல் இருக்கிறாரே என்று அடிவயிறு லேசாகக் கலங்குகிறது. அவள் காணாமல்போய்த் திரும்பக் கிடைத்துத் தான் கண்டதைச் சொல்லும்போது, அந்த அப்பா சிரிக்கவுமில்லை, பொய் சொல்லாதே என்று அதட்டவுமில்லை. நீ காட்டின் காவலரைச் சந்தித்திருக்கிறாய், எல்லா நேரமும் பார்க்க முடியாது என்கிறார். மகள்களைக் கூட்டிக்கொண்டு பெரிய கற்பூர மரத்தின் முன் நின்று வணக்கம் சொல்கிறார். எனக்கு இந்தப் படத்தின் உச்சம் இதுதான். குழந்தை சொல்வதை நம்பும் ஒரு பெரியவர். இதைப் பார்க்கும் குழந்தைக்கு நிம்மதி. பெரியவருக்கு, நாம் இப்படி இருந்தோமா என்ற கேள்வி. ஒரே காட்சி இரண்டு உயரங்களிலிருந்து பார்க்கப்படுகிறது, இரண்டு பேருக்கும் முழுதாக இருக்கிறது. பெரியவர்களைச் சிரிக்க வைக்கக் குழந்தைகளின் தலைக்கு மேலே வீசப்படும் இரட்டை அர்த்த ஜோக்குகள் பல ஹாலிவுட் கார்ட்டூன்களில் உண்டு. இங்கே அதற்கு அவசியமே ஏற்படவில்லை.

பயம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது, அம்மா வார இறுதியில் வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது. எப்போதும் பொறுப்பாக இருக்கும் சட்சுகி பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னால் உடைந்து, அம்மா செத்துப்போனால் என்ன செய்வது என்று வாய்விட்டு அழுகிறாள். ஒரு குழந்தைகள் படம் இவ்வளவு நேராக அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவது லேசான காரியமில்லை. மியாசாகிக்கு அது வெளியிலிருந்து வந்த கற்பனையுமல்ல. அவருடைய சிறுவயதில் அம்மா முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். ஆனாலும் அவர் டொட்டோரோவைக் கொண்டு அம்மாவைக் குணப்படுத்தவில்லை. காணாமல்போன மேயைக் கண்டுபிடிக்க டொட்டோரோ பூனை வடிவப் பேருந்து ஒன்றை வரவழைத்துத் தருகிறது, அவ்வளவுதான். நோய் நோயாகவே இருக்கிறது. அம்மா வீட்டுக்குத் திரும்புவதை, பெயர்கள் ஓடும்போது வரும் ஓவியங்களில்தான் பார்க்கிறோம். மந்திரம் எது வரைக்கும் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்ற இந்த அளவு தெரிந்ததால்தான் படம் குழந்தையை ஏமாற்றவில்லை.

‘டொட்டோரோ’ வெளியான அதே நாளில், அதே அரங்குகளில், இரட்டைக் காட்சியாக இன்னொரு கிப்லி படமும் திரையிடப்பட்டது: இசாவோ டகஹாட்டாவின் ‘மின்மினிகளின் கல்லறை’. போரில் அனாதையாகும் ஓர் அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகும் கதை. இரண்டும் சேர்ந்து அப்போது பெரிய வசூல் எதையும் செய்துவிடவில்லை. அந்தப் படத்திலும் பொறுமையான கவனிப்பு இருக்கிறது, தகர டப்பாவில் மிச்சமிருக்கும் மிட்டாயைக் குழந்தை குலுக்கிப் பார்ப்பதை அவ்வளவு அருகில் காட்டுகிறது. ஆனால் அதைச் சிறு குழந்தைக்குப் போட்டுக் காட்டக் கூடாது. ஒரே பாணி என்பதால் ‘கிப்லி படம்’ என்று ஒரே கூடையில் போட்டு வாங்கிவரும் பெற்றோர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்தக் கவனிப்புப் பழக்கத்தின் வேர் கிப்லிக்கும் முந்தையது. 1974இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹெய்டி’ வாரா வாரம் ஒளிபரப்பானது, மொத்தம் 52 பகுதிகள். இயக்கம் டகஹாட்டா, ஒவ்வொரு காட்சியின் அமைப்பையும் வரைந்தவர் மியாசாகி. அதற்காக 1973இல் குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தொலைக்காட்சி கார்ட்டூனுக்காக வெளிநாட்டுக்குப் போய் இடம் பார்ப்பது அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். ஹெய்டியின் தாத்தா நெருப்பில் பாலாடைக்கட்டியை வாட்டி ரொட்டியில் வழியவிடும் காட்சி ஜப்பானில் இன்றும் பேசப்படுகிறது. அதில் கதை ஓரடிகூட நகர்வதில்லை. ஒரு முரட்டு மனிதர், அதிகம் பேசாதவர், பேத்திக்குச் சாப்பாடு தயாரிக்கிறார். அவர் மனம் இளகுகிறது என்று யாரும் வசனம் பேசவில்லை. பாலாடைக்கட்டி இளகுவதைப் பார்த்தாலே போதும். டகஹாட்டாவின் நம்பிக்கை இதுதான்: அன்றாட வேலையைச் சரியாக வரைந்தால் உணர்ச்சி தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேகத்தைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். பெற்றோர்கள் அதிகம் கேட்பதும் இதைத்தான். 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலின் லில்லார்ட் குழுவினர் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஒன்பது நிமிடம் வேகமான ‘ஸ்பாஞ்ச்பாப்’ பார்த்தது, இன்னொன்று நிதானமான ஒரு கார்ட்டூனைப் பார்த்தது, மூன்றாவது குழு படம் வரைந்துகொண்டிருந்தது. வேகமான கார்ட்டூனில் சராசரியாக 11 நொடிக்கு ஒருமுறை காட்சி மாறியது, மற்றதில் 34 நொடிக்கு ஒருமுறை. முடிந்ததும் கவனத்தையும் கட்டுப்பாட்டையும் சோதிக்கும் சிறு வேலைகளைக் கொடுத்தபோது ஸ்பாஞ்ச்பாப் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். ‘மெதுவான படம் நல்லது’ என்று உலகம் முழுக்கச் செய்தி போட்டார்கள். ஆனால் அதே லில்லார்ட் குழு 2015இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், வேகத்தைவிட நடக்க முடியாத நிகழ்வுகள் அடுத்தடுத்து வருவதுதான் குழந்தையின் மூளைக்குப் பாரமாக இருக்கிறது என்று தெரிந்தது. அப்படிப் பார்த்தால் பூனைப் பேருந்தும் நடக்க முடியாததுதானே? ஆம். அது எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. படத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் பெரும்பாலும் வீடு துடைப்பதும் கிணற்றுப் பம்பு அடிப்பதும் குளிப்பதும்தான். நடக்கக்கூடிய உலகம் ஒன்றைக் காலடியில் உறுதியாகக் கட்டிவிட்டு, பிறகு அதிசயத்தை அதன் மேல் வைக்கிறார் மியாசாகி. இந்தப் படங்களை யாரும் சோதனைச் சாலையில் வைத்து அளந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஆய்வும் இந்தப் படங்களின் கட்டுமானமும் ஒரே பக்கம் சாய்வதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

2002இல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசும்போது மியாசாகி கைகளைச் சில முறை தட்டிக் காட்டினார். தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் தான் முக்கியமாக நினைப்பதாகவும், மூச்சுவிட இடம் இல்லாத பரபரப்பு வெறும் பரபரப்புதான் என்றும் விளக்கினார். ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படத்தில் சிறுமி சிஹிரோ தண்ணீரின் மேல் ஓடும் ரயிலில் உட்கார்ந்து போகிறாளே, அந்தப் பயணம் முழுவதும் அப்படிப்பட்ட இடைவெளிதான். முகமில்லாத நிழல் பயணிகள் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்குகிறார்கள். அவள் மடியில் கை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதுவரை ஓடி ஓடிக் களைத்த குழந்தை அந்த உட்காரலில்தான் வளர்கிறாள். படத்தின் ஓசையும் ஆர்ப்பாட்டமும் மறந்துபோன பிறகும் பெரியவர்கள் இந்த ரயிலை மறப்பதில்லை.

இவ்வளவையும் கம்ப்யூட்டரில் செய்ய முடியாதா? முடியும், சிலர் செய்தும் இருக்கிறார்கள். அப்படியானால் கைக்கு என்ன தனி இடம்? சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம் வேண்டும். ஒரு கை நீள்வதற்கும் மடங்குவதற்கும் பன்னிரண்டு தாள். வரைபவர் அந்த அசைவை அத்தனை முறை யோசித்தாக வேண்டும். வேண்டாததைத் தொட நேரமில்லாததால் வேண்டியதை மட்டும் வரைவார். கணினி மாடலில் முடி, தோல், துணியின் நெசவு எல்லாம் கேட்காமலே வந்து நிற்கும். கையால் வரைந்ததில் இருப்பது எல்லாமே ஒருவர் வேண்டுமென்று வைத்தது. விட்டுவைத்த வெற்றிடத்தைப் பார்ப்பவரின் நினைவு நிரப்பிக்கொள்கிறது. பெரியவர்கள் இந்தப் படங்களில் தங்கள் ஊரையும் தங்கள் பாட்டியையும் பார்த்துவிடுவதற்கு அந்த வெற்றிடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஜப்பானியக் கிராமத்தை ஒருநாளும் பார்க்காதவர்களுக்கும் அது நடக்கிறது.

கனடாவில் ஃபிரெடெரிக் பாக் என்றொரு கலைஞர் இருந்தார். ழான் ஜியோனோ எழுதிய ‘மரங்களை நட்ட மனிதன்’ கதையை 1987இல் அரை மணி நேரப் படமாக்கினார். பனிபோல் மங்கலாக்கிய செல் தாள்களில் வண்ணப் பென்சிலால் வரைந்தார். கிட்டத்தட்ட இருபதாயிரம் ஓவியங்கள், பெரும்பாலும் அவரே வரைந்தவை. இப்படிப்பட்ட படவேலையின்போது, ஓவியம் கலையாமல் நிலைக்கத் தெளிக்கும் திரவம் பட்டு அவருக்கு ஒரு கண்ணின் பார்வை போனது. படத்தின் தொடக்கத்தில் நிலம் பழுப்பும் சாம்பலுமாக, கோடுகள் காற்றில் அலைந்து கலைகின்றன. ஓர் ஆட்டிடையர் மேஜையில் நூறு விதைகளைப் பொறுக்கிப் பிரித்து வைக்கிறார். ஆண்டுகள் ஓட ஓடப் பென்சில் கீற்றுகளே இலைகளாகத் தடிக்கின்றன, நிறம் ஊறி வருகிறது. ஒரு மனிதர் ஒவ்வொரு விதையாக நட்டதைச் சொல்லும் படம் ஒவ்வொரு கீற்றாகவே கட்டப்பட்டிருப்பது தெரியும்போது, எப்படிச் செய்தார் என்பதும் என்ன சொன்னார் என்பதும் வேறுவேறு இல்லை என்று ஆகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. டகஹாட்டா இந்தப் படத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

சோவியத் ரஷ்யாவில் யூரி நார்ஷ்டெய்ன் 1975இல் எடுத்த ‘மூடுபனியில் முள்ளெலி’ பத்து நிமிடத்தைச் சற்றே தாண்டும். வரைந்து வெட்டிய சின்னச் சின்ன உருவங்களைக் கண்ணாடித் தட்டுகளில் வைத்து நகர்த்தி எடுத்தது. ஓவியங்கள் அவர் மனைவி பிரான்செஸ்கா யார்புசோவாவுடையவை. ஒரு முள்ளெலி, மாலையில் நண்பன் கரடிக்குட்டியோடு உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணுவதற்காக, ஜாம் மூட்டையோடு கிளம்பி, பனிக்குள் வழி தவறுகிறது. பனிக்குள் ஒரு வெள்ளைக் குதிரை தெரிகிறது, ஓர் ஆந்தை, யானைபோல் உயரமான ஒரு மரம். அந்தப் பனியை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பலரும் கேட்டார்கள். மிக மெல்லிய தாள் ஒன்றை உருவத்தின் மேல் விரித்து, பிரேமுக்குப் பிரேம் கேமராவை நோக்கி மெதுவாகத் தூக்கியிருக்கிறார்கள். உருவம் மங்கி மங்கி மறைகிறது. படத்தில் முள்ளெலியின் பயத்தைப் பொய்யென்று யாரும் தேற்றுவதில்லை. ஆற்றில் விழுந்ததை யாரோ ஒருவர் முதுகில் சுமந்து கரை சேர்க்கிறார், அவர் யார் என்றும் சொல்வதில்லை. வந்து சேர்ந்த பிறகும், கரடிக்குட்டி படபடவென்று பேசிக்கொண்டிருக்கும்போது, முள்ளெலி அந்தக் குதிரையை நினைத்துக்கொண்டிருக்கிறது. 

இதற்குப் பக்கத்தில் 2022இன் ‘பையன், அகழெலி, நரி, குதிரை’ என்ற பிரிட்டிஷ் குறும்படத்தை வைத்துப் பார்க்கிறேன். சார்லி மேக்கசியின் மைக் கோடுகள் உண்மையிலேயே அழகு. 2023 ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் அதில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாராவது ஒரு பொன்மொழி சொல்லிவிடுகிறார்கள். அன்பாக இரு, உன்னால் முடியும், உதவி கேட்பதில் தவறில்லை. நல்ல வார்த்தைகள்தான். முள்ளெலிப் படம் பார்ப்பவரை நம்பிப் பனிக்குள் விட்டது. இது கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது. மென்மை என்ற பெயரில் இப்போது அதிகம் வருவது இந்த ஆறுதல் வகைதான் என்பது எனக்குக் கவலை. ஆறுதல் தேவைப்படும் பெரியவருக்கு அது பிடிக்கலாம். குழந்தைக்கு அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பிரிட்டனே 1982இல் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறது. ரேமண்ட் பிரிக்ஸின் சொற்களில்லாத படப் புத்தகத்தை வைத்து டயான் ஜாக்சன் எடுத்த ‘பனிமனிதன்’ 26 நிமிடம் ஓடும், சேனல் 4இல் கிறிஸ்துமஸையொட்டி முதலில் ஒளிபரப்பானது. கிரயான் வைத்துத் தேய்த்ததுபோன்ற சொரசொரப்பு ஒவ்வொரு பிரேமிலும் துடிக்கிறது. உரையாடல் இல்லை, நடுவில் ஹோவர்ட் பிளேக் இசையமைத்த ஒரே ஒரு பாட்டு. பையன் செய்த பனிமனிதன் இரவில் உயிர்பெறுகிறான், இருவரும் பறக்கிறார்கள், திரும்புகிறார்கள். காலையில் எழுந்து ஓடிவந்தால் தொப்பியும் கொஞ்சம் பனியும்தான் கிடக்கின்றன. கிறிஸ்துமஸ் தாத்தா, பரிசு எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் பையனை உருகிய பனியின் முன்னால் மண்டியிட வைத்துப் படம் முடிகிறது. பனி என்றால் உருகத்தான் செய்யும் என்ற போக்கில்தான் பிரிக்ஸ் இதைப் பார்த்தார். பிரிட்டனில் இத்தனை ஆண்டுகளாகக் குடும்பங்கள் சேர்ந்து பார்க்கும் படம் இப்படி முடிகிறது என்பதைக் குழந்தைகளுக்கு எதைக் காட்டலாம் என்று முடிவெடுப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் இப்போது இந்த வழியில் உறுதியாக நிற்பது அயர்லாந்தின் கில்கென்னி ஊரில் 1999இல் தொடங்கிய கார்ட்டூன் சலூன். ‘சாங் ஆஃப் தி சீ’ (2014) அம்மாவை இழந்த அண்ணன் தங்கையின் துக்கத்தைக் கடல் கதையாகச் சொல்கிறது. ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ (2020) படத்தில் நகரத்தை மரக்கட்டை அச்சுபோல் முறுக்கிய நேர்க்கோடுகளாலும், காட்டை அழிக்காமல் விட்ட பென்சில் கிறுக்கல்களோடும் வரைந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் சுதந்திரம் இருக்கிறது என்பதைக் கோட்டின் தன்மையே காட்டிவிடுகிறது. பிரான்சும் பெல்ஜியமும் சேர்ந்து எடுத்த ‘எர்னெஸ்ட் அண்ட் செலஸ்டீன்’ (2012) கரடி ஒன்றுக்கும் சுண்டெலிக்கும் நடுவிலான நட்பை வாட்டர்கலர் கசிவோடு வரைந்தது. அதைப் பற்றி எழுதுவதைவிடப் பார்ப்பது நல்லது.

இதற்கெல்லாம் கொடுக்கப்படும் விலையையும் பேசியாக வேண்டும். முக்கியமான ஓவியங்களுக்கு நடுவே வரும் இடை ஓவியங்களை வரைபவர்களுக்கு ஜப்பானில் ஓர் ஓவியத்துக்கு இவ்வளவு என்று மிகக் குறைந்த கூலி கொடுப்பது நீண்டகால வழக்கம். கிப்லி 1989இல் தன் கலைஞர்களை மாதச் சம்பளக்காரர்களாக்கியது அந்தத் துறையில் பெரிய மாற்றம். அங்கேயும் வேலைப்பளு குறையவில்லை. ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’ இயக்கிய யோஷிஃபுமி கொண்டோ 1998இல் 47 வயதில் இறந்தபோது, அதிக வேலையே காரணம் என்று பலரும் பேசினார்கள். டகஹாட்டாவின் கடைசிப் படம் ‘இளவரசி ககுயாவின் கதை’ (2013) எட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே கிப்லி தயாரிப்புப் பிரிவைக் கலைத்துவிட்டது. மியாசாகி ஓய்வை விட்டுத் திரும்பிய பிறகுதான் மீண்டும் ஆட்களைச் சேர்த்தது. டிஸ்னி 2004இலேயே கையால் வரையும் படங்களைக் கைவிட்டுவிட்டது, பிறகு 2009இலும் 2011இலும் திரும்பி வந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

2016இல் ஜப்பானியப் பொதுத் தொலைக்காட்சியின் ஆவணப்படத்தில் மியாசாகிக்கு ஒரு கணினிப் பரிசோதனையைக் காட்டினார்கள். தானே கற்றுக்கொண்டு நகரும் ஓர் உருவம் தலையையே காலாக வைத்து ஊர்ந்தது. அவர் உடனே, உடல் ஊனமுற்ற தன் நண்பர் ஒருவரை நினைவுகூர்ந்தார். கையை நீட்டுவதற்கே அந்த நண்பர் படும் சிரமத்தைச் சொன்னார். இதைச் செய்தவர்களுக்கு வலி என்றால் என்னவென்று தெரியாது என்று கோபப்பட்டார். 2025இல் எல்லோரும் பகிர்ந்தது அந்தக் கோபத்தின் ஒரு வரியை மட்டும்தான். அவர் பேசியது தொழில்நுட்பத்தைப் பற்றி என்பதைவிட, ஓர் உடலின் அசைவுக்குள் எவ்வளவு வாழ்க்கை இருக்கிறது என்பதைப் பற்றி. மேய் குந்தும் விதத்தை வரைந்த ஒருவரிடமிருந்து வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

இந்தியாவிலும் இந்தக் கைகள் இருந்தன. ‘பாம்பி’யில் வேலை செய்த டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ் 1956இல் மும்பை பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்த ராம் மோகன், ஜப்பானின் யூகோ சாகோவோடும் கொய்ச்சி சசாகியோடும் சேர்ந்து, கையால் வரைந்த ‘ராமாயணம்’ முழுநீளப் படத்தை 1992இல் முடித்தார். 2025 ஜனவரியில் அது தமிழ் டப்பிங்கோடு திரையரங்குகளுக்கு வந்தது. போர்க்காட்சிகளை விட்டுவிடுங்கள், காட்டில் நிழல் விழும் விதத்தைப் பாருங்கள். திறமை கைக்கு வந்த பிறகும் அதை ஒரு மரபாக வளர்க்க நம்மிடம் முதலீடு செய்பவர்களுக்குப் பொறுமை இல்லாமல் போனது.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் பேச்சில்லாத படங்கள். ‘பனிமனிதன்’ பார்க்க ஐந்து வயதே போதும், டப்பிங்கும் சப்டைட்டிலும் தேவைப்படாது. முடிவில் குழந்தை அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். பிறகு ‘டொட்டோரோ’, முடிந்தால் ஒரே மூச்சில். பத்து வயதுக்கு மேல் ‘ஸ்பிரிட்டட் அவே’, ‘உல்ஃப்வாக்கர்ஸ்’. மைக்கேல் டுடோக் டி விட்டின் ‘ரெட் டர்ட்டில்’ (2016) முழுநீளப் படம், அதிலும் உரையாடல் இல்லை. பதின்வயதில் பார்த்துவிட்டு முப்பது வயதில் மறுபடியும் பார்க்கலாம். ‘ககுயா’வைக் கடைசிக்கு வையுங்கள். அதில் தன்னைப் பார்க்காமலே ஏளனம் செய்யும் விருந்தாளிகளின் பேச்சைக் கேட்டதும் சிறுமி கதவுகளை உடைத்துக்கொண்டு ஓடுவாள். பட்டுடைகள் ஒவ்வொன்றாக வழியில் விழும். நிறங்கள் போய்க் கோடுகள் கரிக்கட்டைக் கீறலாகச் சிதறும். எட்டு ஆண்டு உழைப்பில் அந்தச் சில நொடிகளை வரைந்த கைகளுக்கு எத்தனை முறை அந்த ஓட்டத்தை ஓட வேண்டியிருந்திருக்கும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, ஓடும் ஆளை வரைந்து புரட்டிப் பார்க்கச் சொன்னால் அவர்களே கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.